குளம் வற்றும் காலத்தில் கமராவோடு: வன்னியில் பறவையும் விலங்கும் படமெடுக்கத் தொடங்குபவர்களுக்கு

வன்னியில் இளவேனிலைப் பூக்களை விடத் தண்ணீர்தான் முதலில் காட்டித் தரும். கார்த்திகை, மார்கழி மழைக்கு வான் பாய்ந்த குளங்கள் தை கழிந்ததும் மெல்ல இறங்கத் தொடங்கும். மாசியில் காலபோக அறுவடை நடக்கும். பங்குனியில் அலைகரை வெளித்துச் சேறு தெரியும். ஆழம் குறைந்த தண்ணீருக்குள் மீன் நெருக்கப்படும், அதைத் தேடி நாரையும் கொக்கும் கூழைக்கடாவும் வந்து கூடும். காட்டுக்குள் இருக்கிற சிறு நீர்நிலைகளான மோட்டைகள் காயக் காய மானும் மரையும் பன்றியும் பெரிய குளத்துப் பக்கம் இறங்கும். ஆகவே புதிதாகப் படமெடுக்கத் தொடங்குபவர் காடு முழுக்க அலையத் தேவையில்லை. வற்றிக்கொண்டு போகிற தண்ணீரின் ஓரம் எங்கே என்று பார்த்து, அங்கே போய் அசையாமல் இருக்கப் பழகினால் போதும். கீழே சொல்லப் போகிறதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

எந்த மாதத்தில் எது

மாசி மயிலுக்கு உரிய மாதம். இலங்கையில் தை முதல் பங்குனி வரை ஆண்மயிலின் தோகை முழுதாக இருக்கும், ஆட்டமும் அப்போதுதான். அறுவடை முடிந்த வயல்வெட்டையில் விடியற்காலையில் ஆடும் மயிலை வரம்பில் இருந்தே எடுக்கலாம். அதே வயலில் நரியும் திரியும். ஊசிவால் வாத்துப் போன்ற வலசைப் பறவைகள் குளங்களிலும் கடல்நீரேரிகளிலும் இன்னும் கூட்டமாக நிற்கும். பூநாரையையும் இந்தக் காலத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

பங்குனியில் பலர் கவனிக்காத ஒன்று நடக்கும். மாரி முழுக்கச் சாம்பல் நிறத்தில் நின்ற உள்ளான்களும் கருவால் மூக்கன்களும் வடக்கே புறப்படுமுன் இனப்பெருக்கக் காலத்து நிறத்துக்கு மாறத் தொடங்கும். கழுத்திலும் மார்பிலும் செங்கல் நிறம் ஏறும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று உள்ளான்களை விட்டுவிடுகிறவர்கள் பங்குனிக் கடைசியில் ஒருமுறை வங்காலைப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

சித்திரையில் வந்தவை போய்விடும், இங்கேயே இருப்பவை கூடு பார்க்கும். ஆறுமணிக்குருவி ஊர் திரும்பும் நேரம் அது. குயில் கூவித் தள்ளும். ஆட்காட்டியும் பவளக்காலியும் வறண்ட குளத்தரையில் முட்டையிடும். கூடவே இன்னொரு விசயம். ஏப்ரல் நடுப்பகுதியில், வருடப்பிறப்பை ஒட்டி, நண்பகல் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கும். பறவையின் கண்ணும் வயிறும் இருளுக்குள் போய், முதுகு மட்டும் வெளிறித் தெரியும். அந்த மாதத்தில் காலை எட்டரைக்குப் பிறகும் பின்னேரம் நாலரைக்கு முன்பும் கமரா பைக்குள் இருக்கட்டும். வெயில் ஏறினால் தரையில் இருந்து கானல் எழும்பும், எவ்வளவு விலையுள்ள லென்ஸ் என்றாலும் தூரத்துப் பறவை கலங்கித்தான் விழும்.

ஒரு குளத்தைத் தெரிவு செய்யுங்கள்

ஒரே கிழமையில் ஐந்து இடத்துக்கு ஓடுவதை விட ஒரே குளத்துக்கு ஐந்து கிழமை போவது மேல். எந்தப் பட்ட மரத்தில் கழுகு இருக்கும், எந்த மூலையில் நீலத் தாழைக்கோழி வெளியே வரும் என்பதெல்லாம் திரும்பத் திரும்பப் போனால்தான் பிடிபடும்.

தொடங்குவதற்கு ஆள் நடமாட்டம் உள்ள குளமே நல்லது. வவுனியாவில் இருப்பவருக்கு வவுனியாக்குளம், கிளிநொச்சியில் இருப்பவருக்குக் கனகாம்பிகைக்குளம். அங்கே பறவைகள் ஆட்களுக்குப் பழகியிருக்கும். கை கொஞ்சம் தேறியதும் மன்னார் வீதியில் உள்ள கட்டுக்கரைக்குளத்துக்குப் போங்கள். 1954 முதல் சரணாலயமாக உள்ள பெருங்குளம் அது. அதே வீதியில் இன்னும் மேற்கே போனால், மன்னார்ப் பாலத்துக்கு முன்னால் வங்காலைச் சரணாலயம். 2010ல் ராம்சார் பட்டியலில், உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகச் சேர்க்கப்பட்ட இடம். வீதியோரத்தில் இருந்தே உள்ளான், ஆலா, பூநாரை எல்லாம் பார்க்கலாம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் மூன்றும் பரந்தவை. பறவை இருக்கும், ஆனால் தூரத்தில் இருக்கும். சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015ல் தேசியப் பூங்காவாக்கப்பட்டவை. அவற்றுக்குள் போவதென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தில் அனுமதி கேட்டுக்கொண்டுதான் போகவேண்டும்.

குளத்தைத் தெரிவு செய்ததும் தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து குளக்கட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். காலையில் நீங்கள் கிழக்குக் கரையில் நிற்கவேண்டும், பின்னேரம் மேற்குக் கரையில். சூரியன் உங்கள் முதுகில் விழுந்தால் பறவையின் முகத்தில் வெளிச்சம் இருக்கும். கட்டு மேற்கே இருக்கிற குளத்துக்கு விடிய எழும்பிப் போய்ப் பெரிய பயன் இல்லை. பின்னேரம் போங்கள்.

காற்றையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். பறவை காற்றை எதிர்த்தே எழும்பும், எதிர்த்தே இறங்கும். மாசியில் வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து வரும். காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயிலும் காற்றும் ஒன்றாக உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், தண்ணீருக்கு இறங்குகிற நாரை உங்கள் முகத்தைப் பார்த்தபடி வரும். வைகாசியில் தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று எழும்பியதும் இது மாறிப் பின்னேரத்துக்குப் போய்விடும்.

எங்கே கால் வைப்பது

இதை அவசரமாக வாசிக்காதீர்கள். வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையையோ சிவப்பு அடித்த கட்டைகளையோ கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்கக்கூடாது, அங்கே எந்தப் பறவை இருந்தாலும் சரி. பலகை இல்லாத இடம் பாதுகாப்பான இடம் என்றும் எடுக்கமுடியாது. மாரி வெள்ளம் மண்ணை அரித்துப் பழைய வெடிபொருளை வெளியே கொண்டுவருவதுண்டு. வண்டில் பாதை, மாடு நாளாந்தம் போய்வருகிற தடம், வயல் வரம்பு, குளக்கட்டு ஆகியவற்றோடு நில்லுங்கள். ஒரு சின்னப் பற்றையைச் சுற்றிப் போனால் நல்ல கோணம் கிடைக்கும் என்று தோன்றும். அந்தக் கோணத்தை விட்டுவிடுங்கள்.

வயலோரப் பற்றைகளில், கம்பியில் கால் பட்டதும் வெடிக்கிற கட்டுத்துவக்கும் இருக்கும். பன்றி வருகிற ஒற்றையடித் தடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்கள். விடியாத இருட்டில் அது தெரியாது. சட்டவிரோதமாக மின்சாரம் கொடுத்த கம்பியும் அப்படித்தான். அதனால் முதல் நாள் பகலிலேயே போய், வயல்காரரைக் கண்டு கதையுங்கள். “ஐயா, நாளைக்கு விடிய இதில இருந்து பறவை படம் எடுக்கலாமோ?” என்று கேட்டால் எந்த வரம்பால் போகலாம், எதால் போகக்கூடாது என்பதோடு, யானை எப்போது இறங்குகிறது என்பதையும் சொல்லிவிடுவார். மாடு மேய்க்கிறவர்களும் குளத்தில் வலை போடுகிறவர்களும் அப்படித்தான். எந்தக் கைநூலிலும் இல்லாத தகவல் அவர்களிடம் இருக்கிறது.

அறுவடைக் காலத்து வயலில் எலிக்காகப் புடையன் பாம்பு வரும். சப்பாத்தும் டோர்ச்சும் கட்டாயம். கடிபட்டால் கட்டுப் போடுவதும் வெட்டுவதும் வேண்டாம், 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்சை அழையுங்கள்.

இராணுவத் துணி போன்ற உருமறைப்பு உடையை ஒருபோதும் போடாதீர்கள். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே அது பெரும் கரைச்சலில் முடியும். மண்ணிறம், சாம்பல், மங்கிய பச்சை போதும். நீள லென்ஸ் தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்குத் துவக்குப் போலத் தெரியும். முகாம், காவலரண் பக்கத்தால் போகும்போது அது பைக்குள் இருக்கட்டும், அந்தப் பக்கம் கமராவைத் திருப்பவும் வேண்டாம். யாராவது விசாரித்தால் எடுத்த படங்களைக் காட்டுங்கள். கொக்கும் நாரையுமாக நாலு படம் பார்த்தால் பெரும்பாலும் சிரித்துவிட்டு விடுவார்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் நாரைக் கூட்டத்துக்கு மேலே அதை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கமரா

கையில் இருப்பதோடு தொடங்குங்கள். 70 தொடக்கம் 300 மில்லிமீற்றர் வரை போகிற சாதாரண லென்ஸை சிறிய சென்சர் உள்ள கமராவில் பூட்டினால் ஏறக்குறைய 450க்குச் சமம், பழகிய பறவைகளுக்கு அது போதும். லென்ஸ் கழற்றமுடியாத நீள் ஸூம் கமராவும் வெளிச்சம் உள்ள நேரத்தில் நன்றாகவே வேலை செய்யும். தொலைபேசி பறவைக்குக் காணாது. எருமை முதுகில் உண்ணிக்கொக்கு, குளம் முழுக்க நாரை என்று அகலமான காட்சிக்கு எடுக்கலாம்.

முக்காலியை விடக் கைக்கு உதவுவது உமிப்பை. பழைய காற்சட்டையின் ஒரு காலை வெட்டி, உமி நிரப்பி, இரண்டு பக்கமும் தைத்துவிடுங்கள். வாகனக் கதவிலும் கட்டுக் கல்லிலும் வைத்து அதன்மேல் லென்ஸை அழுத்தினால் அசையாது. கிரவல் வீதிப் புழுதி சென்சருக்கு எதிரி, வெளியே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். மேலதிக பற்றரியும் இரண்டு போத்தல் தண்ணீரும் ஒரு பழைய சாரமும் பையில் இருக்கட்டும். சாரத்தை வெயிலுக்குத் தலையில் போடலாம், தரையில் விரிக்கலாம், கமராவோடு சேர்த்துப் போர்த்துக்கொண்டு மறையவும் செய்யலாம்.

அமைப்புகளைப் பொறுத்தவரை, ஷட்டர் வேகத்தை நீங்கள் வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கான உணர்திறனான ஐஎஸ்ஓவைக் கமராவிடம் விடுவது தொடங்குபவருக்கு இலகு. சும்மா நிற்கிற பறவை, மேய்கிற மான் என்றால் 1/500 செக்கன். கிளை தாவுகிற முசுவுக்கு 1/1000. பறக்கிற கொக்குக்கு 1/2000. லென்ஸின் துவாரம் திறக்கக்கூடிய மட்டும் திறந்திருக்கட்டும். ஃபோக்கஸ் தொடர்முறையில், விலங்குக் கண்ணைத் தேடும் வசதி இருந்தால் அதுவும் இயங்கட்டும். படத்தில் மணல்போல் புள்ளி விழுகிறதே என்று ஐஎஸ்ஓவுக்குப் பயந்து வேகத்தைக் குறைக்காதீர்கள். புள்ளியைப் பிறகு குறைக்கலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்யமுடியாது.

ஒரே ஒரு பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு தேடிப்பிடிக்கப் பழகவேண்டும் என்றால் அது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற, கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான். கரும்பச்சைப் பற்றைக்கு முன்னால் நிற்கிற வெள்ளைக் கொக்கைக் கமரா தன்பாட்டில் எடுத்தால் இறகின் நெளிவெல்லாம் அழிந்து வெறும் வெள்ளையாக வரும். மூன்றில் இரண்டு அல்லது ஒரு படி கழிக்கவேண்டும். வெளிச்சமான வானத்துக்கு எதிரே பட்ட மரத்தில் இருக்கிற நீர்க்காகத்துக்கு நேர்மாறாக ஒரு படி கூட்டவேண்டும்.

இருந்து எடுத்தல்

வெளிச்சம் வரமுன்னரே, ஐந்தரை அளவில், இடத்தில் இருக்கவேண்டும். நீங்கள் பிந்திப் போனால் ஆட்காட்டி எழும்பிக் கத்தும், அது கத்தினால் குளத்தின் அந்தப் பக்கமே காலியாகும். இருட்டோடு போய் உட்கார்ந்தவரை அது அரைமணி நேரத்தில் மறந்துவிடும்.

கட்டின்மேல் நின்று கீழ்நோக்கி எடுத்தால் எல்லாப் பறவையும் தட்டையாகத் தெரியும். கமரா பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கவேண்டும். கட்டின் அடிக்கு, அல்லது மாடு தண்ணீருக்கு இறங்குகிற தடத்துக்குப் போய், மருதமர வேர், கல், கவிழ்த்த தோணி ஏதாவது ஒன்றின் அருகே இருந்துகொள்ளுங்கள். ஆனால் தண்ணீர் விளிம்புக்குப் போகாதீர்கள், பத்து மீற்றராவது தள்ளி இருங்கள். வன்னிக் குளங்களில் முதலை உண்டு, குளம் வற்ற வற்ற அதுவும் மீனைப்போலவே நெருக்கப்பட்டு நிற்கும். படுத்துக் கிடந்து எடுக்கிற ஆசை இருந்தால் மேடான தரவையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடத்துக்குப் பஞ்சுருட்டானைப் போல நல்ல வாத்தியார் இல்லை. அது ஒரு கொப்பில் இருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்து, திரும்பவும் அதே கொப்புக்கு வரும். கொப்புக்கு ஃபோக்கஸ் வைத்துக் காத்திருந்தால் வரும்போதே எடுக்கலாம். நீலவால் பஞ்சுருட்டான் சித்திரையோடு போய்விடும், சின்னப் பச்சைப் பஞ்சுருட்டான் எப்போதும் இருக்கும். மீன்கொத்தியும் தண்ணீர் திறந்துவிடும் துருசுப் பக்கத்துக் கம்பியில் அப்படித்தான். பறக்கிற பறவைக்குப் பழகக் கூழைக்கடா நல்லது. பெரிய உடம்பு, ஆறுதலான பறப்பு, எழும்புமுன் தண்ணீரில் ஓடும் ஓட்டமே உங்களுக்கு முன்னறிவித்தல்.

பறவையின் கழுத்தைப் பாருங்கள். மேய்வதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள். அந்த இடத்திலேயே நின்று பார்வையை வேறு பக்கம் திருப்புங்கள். திரும்ப மேயத் தொடங்கினால் சரி, இல்லையென்றால் பின்வாங்குங்கள். பறக்கவிட்டு எடுப்பதற்காகக் கல்லெறிகிறவர்களோடு கூட்டுச் சேராதீர்கள். நடந்து வருகிற மனிதருக்குப் பறக்கிற பறவை, நிறுத்திய ஓட்டோவுக்குப் பெரும்பாலும் அசையாது. முடியுமானால் வாகனத்துக்குள் இருந்தே எடுங்கள்.

சித்திரையில் உங்கள் தலைக்கு மேலே ஆட்காட்டி சுற்றிச் சுற்றிக் கத்தினால் காலடியில் முட்டை இருக்கிறது. அது பருக்கைக் கல்லின் நிறத்தில் இருக்கும், கண்ணுக்கு இலகுவில் படாது. வந்த காலடித் தடத்திலேயே திரும்பிப் போங்கள். கூட்டில் நிற்கிற எந்தப் பறவையையும் தொடங்குபவர் எடுக்காமல் விடுவதே நல்லது. தாய் எழும்பிப் போனால் சித்திரை வெயில் முட்டையை அவித்துவிடும், காகம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தொலைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு ஆறுமணிக்குருவியை வெளியே இழுப்பதும் வேண்டாம். அது தானாகவே விடியவும் பின்னேரமும் ஆறு மணி அளவில் கூப்பிட்டு இடத்தைக் காட்டும்.

நாலுகால் விலங்குகள்

இங்கே காற்றுக் கணக்கு தலைகீழாகும். பறவைக்கு முதுகில் இருந்த காற்று, மானுக்கு உங்கள் வாடையைக் கொண்டுபோய்விடும். விலங்கின் பக்கத்தில் இருந்து காற்று உங்களுக்கு வரவேண்டும். ஒரு பிடி புழுதியை விரலிடுக்கால் விட்டுப் பார்த்தால் தெரியும்.

புள்ளிமானில் தொடங்குங்கள். பின்னேரம் காட்டோரத் தரவைக்கு இறங்கும். முசுக் கூட்டம் மரத்தில் இலை பறித்துக் கீழே போடுகிற இடத்தில் மானும் நிற்கும், இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் எடுக்கலாம். மேலே முசு திடீரெனச் செருமி, கீழே மான் குரைத்துக் காலைத் தரையில் தட்டினால் பக்கத்தில் சிறுத்தை இருக்கலாம். உடனே வாகனத்துக்குள் ஏறுங்கள். சிறுத்தையைத் தேடிக்கொண்டு முதல் வருடத்தைச் செலவழிக்காதீர்கள்.

யானைக்குக் கால்நடையாகவும் மோட்டார் சைக்கிளிலும் கிட்டப் போகவே கூடாது. வாகனத்துக்குள் இருந்து, இயந்திரத்தை நிறுத்தாமல், திரும்ப ஓட வழி வைத்துக்கொண்டு எடுங்கள். காதை விரித்து நிமிர்ந்து நின்றால் எச்சரிக்கிறது. கன்னத்துப் பொட்டில் மதநீர் வடிந்து கறுத்திருந்தால் படமே வேண்டாம். பொழுதுபட்ட பிறகு குளக்கட்டில் நிற்காதீர்கள், அது யானை தண்ணீருக்கு இறங்குகிற வழி.

வன்னியில் பலர் யானையை விடக் கரடிக்குத்தான் பயப்படுவார்கள், அது நியாயம். திடீரெனக் கிட்டத்தில் கண்டால் அது ஓடாது, முகத்துக்குப் பாயும். வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும்போது கரடி மரத்தடிக்கு வரும். அந்தக் காலத்தில் பாலைமரக் காட்டுக்குள் நடந்து போகாதீர்கள். பூங்கா வீதியில் வாகனத்துக்குள் இருந்து கிடைத்தால் எடுக்கலாம்.

பன்றி, கீரி, மர அணில் எல்லாம் சொல்லித் தரத் தேவையில்லாதவை. காத்திருக்கிற நேரத்தில் தாங்களாகவே முன்னால் வரும்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றிரவே படங்களை வேறு இடத்துக்குப் பிரதி பண்ணி, கண் தெளிவில்லாதவற்றை அழியுங்கள். ஒரு கொப்பியில் திகதி, குளம், தண்ணீர் எவ்வளவு இறங்கியிருந்தது, காற்று எந்தப் பக்கம், எது எங்கே நின்றது என்று எழுதி வையுங்கள். அடுத்த பங்குனிக்கு இந்தக் கொப்பிதான் உங்களுக்கு வரைபடம். இனம் தெரியாத பறவையை முன்புறம், பக்கவாட்டு, கால், அலகு என்று நாலு படம் எடுத்திருந்தால் பிறகு கைநூலோடு ஒப்பிடலாம்.

முகநூலில் போடுமுன் படத்தில் பதிந்திருக்கிற இடக்குறிப்பை அழித்துவிடுங்கள். அழுங்கு, ஆந்தைக் கூடு, சிறுத்தை, நாரை முட்டையிட்ட மரம் ஆகியவற்றுக்குக் குளத்தின் பெயரும் எழுதவேண்டாம், மாவட்டம் போதும். படம் பார்க்கிறவர்களில் வேட்டைக்காரரும் இருக்கிறார்கள். யாராவது உள்பெட்டியில் வந்து “எந்த இடம் அண்ணை?” என்று கேட்டால், ஆளைத் தெரிந்துகொண்ட பிறகு பதில் எழுதுங்கள்.